பழைய போல்ற்றுகளை மீண்டும் பூட்டலாமா?
நீரிறைக்கும் இயந்திரம், கார் இயந்திரம் ஆகியவற்றைத் திருத்தும்போது கமக்காரர் கவனிக்க வேண்டியவை

முன்னுரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. நெல் பெரும்பாலும் மாரி மழையை நம்பி விளைகிறது. தோட்டப் பயிர்களோ கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. வலிகாமம் கிழக்கிலுள்ள உரும்பிராய் போன்ற செம்மண் கிராமங்களில் வெங்காயம், மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகிய எல்லாவற்றுக்கும் இறைப்பே உயிர்நாடியாகும். செம்மண் நீரை விரைவில் உள்ளிழுத்துவிடும். ஆதலின் வெயிற் காலத்தில் வெங்காயத்துக்கு மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது.

முற்காலத்தில் துலாவும் பட்டையும் செய்த வேலையை இக்காலத்தில் நீரிறைக்கும் இயந்திரம் செய்கிறது. துலாவின் கயிறு அறுந்தால் வேறு கயிறு கட்டி அன்றே இறைக்கலாம். இயந்திரம் நின்றுவிட்டால் அவ்வாறு உடனே சரிப்படுத்த இயலாது. கிழங்கு பருக்கும் பருவத்தில் இரண்டு இறைப்புத் தவறினால் அந்தப் போகத்தின் பலனில் பெரும்பங்கு போய்விடும். இவ்வாறு இயந்திரம் நின்றுபோவதற்குப் பெரிய உறுப்புகளே எப்போதும் காரணமல்ல. திருத்த வேலையின்போது தகுதி பாராமல் திரும்பப் பூட்டப்பட்ட ஒரு பழைய போல்ற்றே காரணமாயிருத்தலும் உண்டு.

ஆகவே, எந்தப் பழைய போல்ற்றை மீண்டும் பூட்டலாம், எதைப் பூட்டலாகாது, பூட்டுமுன் எவ்வாறு சோதிக்க வேண்டும் என்பன இத் துண்டுப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன. இங்கு கூறப்படுபவை நீரிறைக்கும் இயந்திரத்துக்கும், இருசில்லு உழவு இயந்திரத்துக்கும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் காருக்கும் பொதுவானவை.

பழையதைப் பேணும் வழக்கம் வந்த வகை

பழைய உறுப்புகளைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டும் வழக்கம் இப்பகுதி மக்களுக்குச் சிக்கனத்தால் மட்டும் வந்ததன்று. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டதன் பின்னர் வடபகுதிக்கு எரிபொருள், உதிரிப்பாகம், மின்கலம், பசளை முதலிய பல பொருள்கள் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய பிரித்தானியக் கார்களைச் சிறிதளவு பெற்றோலால் இயக்கிச் சூடேற்றி, அதன்பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அக் கார்களின் இயந்திரங்கள் காற்றையும் எரிபொருளையும் குறைந்த அளவிலேயே அமுக்குவன. ஆதலின் தரங்குறைந்த எரிபொருளையும் அவை ஒருவாறு தாங்கின. புதிய போல்ற்றும் கஸ்கற்றும் கிடையாத நிலையில் கம்மாலைகளிலும் திருத்தகங்களிலும் பழையனவே மீண்டும் மீண்டும் பயன்பட்டன.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரை விட்டு இடம்பெயர நேர்ந்தது. 1996இல் அவர்கள் திரும்பி வரத் தொடங்கியபோது, மாதக் கணக்கில் மழையில் நனைந்து துருப்பிடித்த இயந்திரங்களையே பலர் கண்டனர். அவற்றையும் கழற்றி, துருவகற்றி, இறைப்புக்குப் பயன்படுத்தினர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் இதுபோன்ற நிலை ஏற்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது.

இத்தகைய அனுபவம் இப்பகுதித் திருத்துநர்களுக்குச் சிறந்த கைத்திறனை அளித்துள்ளது. எனினும், வேறு வழியில்லாத காலத்தில் செய்ததை, வழியுள்ள காலத்திலும் ஆராயாது செய்தல் தகாது. பழையது எல்லாம் கழிக்கத்தக்கது என்பதும் தவறு; பழையது எல்லாம் போதும் என்பதும் தவறு. சோதித்துத் தெரிந்தெடுத்தலே முறையாகும்.

போல்ற் எவ்வாறு பிடிக்கிறது?

போல்ற் ஓர் ஆணியைப் போல் வெறுமனே கோத்து நிற்பதன்று. அது ஒரு சுருள்வில்லைப் போலத் தொழிற்படுகிறது. சைக்கிள் கரியரில் வெங்காயப் பிடியைக் கட்டுவதற்குப் பயன்படும் ரியூப் நாடாவை நோக்குக. நாடாவை இழுத்துக் கட்டும்போது அது நீளுகிறது. நீண்டது சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே பிடியை இறுக்கி வைத்திருக்கிறது. போல்ற்றும் அவ்வாறே. ஸ்பனரால் இறுக்கும்போது உருக்குத் தண்டு சிறிதளவு நீளுகிறது. 100 மில்லிமீற்றர் நீளமுள்ள வலிய போல்ற் ஒன்று முறையாக இறுக்கப்படுங்கால் ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் நீளும். அது கண்ணுக்குப் புலப்படாத நீட்சி. ஆயினும் 10 மில்லிமீற்றர் பருமனுள்ள 8.8 தரப் போல்ற் ஒன்று அந்த நீட்சியினால் ஏறக்குறைய இரண்டரைத் தொன் பாரத்துக்குச் சமமான விசையுடன் இரு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது.

ரியூப் நாடாவை அளவுக்கு மீறி இழுத்தால் அது தளர்ந்து நீண்டு, பழைய நீளத்துக்குத் திரும்பாது போகும். அத்தகைய நாடாவால் மீண்டும் கட்டினால் பிடி நழுவும். உருக்குக்கும் அத்தகைய எல்லை ஒன்று உண்டு. அவ்வெல்லைக்குள் நீண்ட போல்ற், கழற்றியதும் தன் பழைய நீளத்தை அடையும். அதனை மீண்டும் பூட்டலாம். எல்லையைக் கடந்து நீண்ட போல்ற் நிரந்தரமாக நீண்டு நடுவில் மெலியும். அதனை மீண்டும் நம்பலாகாது.

மேலும் ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். தளர்ந்த போல்ற்றே இறுகிய போல்ற்றைவிட விரைவில் முறியும். நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் இயந்திரத்தில் இணைப்புத்தண்டின் போல்ற்றுகள் ஒரு மணி நேரத்தில் 180,000 முறை இழுபடுகின்றன. ஐந்து மணி நேர இறைப்பில் ஒன்பது இலட்சம் முறை. முறையாக இறுகியிருக்கும் போல்ற் இந்த இழுப்பின் சிறு பகுதியையே உணரும். தளர்ந்த போல்ற்றோ முழு இழுப்பையும் தாங்கிக் களைத்து, நுண்ணிய வெடிப்புக் கண்டு, ஒரு நாள் திடீரென முறியும். அப்போது இணைப்புத்தண்டு இயந்திரத்தின் சுவரையே உடைத்து வெளியேறவும் கூடும்.

மீண்டும் பூட்டலாகாதவை

பின்வருவனவற்றைக் கழற்றியபின் மீண்டும் பயன்படுத்தலாகாது.

1. முதலில் குறித்த அளவுக்கு இறுக்கி, பின்னர் குறித்த பாகை அளவு திருப்பி இறுக்கும்படி கைநூலில் கூறப்பட்டுள்ள சிலிண்டர் ஹெட் போல்ற்றுகள். இவற்றுட் பல முற்கூறிய எல்லையைத் தொடும்வரை நீட்டப்படுபவை. பிற்காலக் கார்களில் இத்தகையன மிகுதி. ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தலாம் எனக் கைநூல் வெளிப்படையாகக் கூறியிருந்தால் மட்டும், அது கூறும் நீள எல்லைக்குட்பட்டு மீண்டும் பூட்டலாம்.

2. இணைப்புத்தண்டின் போல்ற்றுகளும் அவற்றின் நட்டுகளும். இவை விலையிற் சிறியவை; முறிந்தால் வரும் கேடோ பெரியது.

3. நைலோன் வளையமுள்ள பூட்டு நட்டு, ஸ்பிளிற் பின், மடித்துப் பூட்டும் தகட்டு வோசர், தட்டையாகிப் போன சுருள் வோசர்.

4. மரை சிதைந்தவை, தலையின் மூலை தேய்ந்தவை, வளைந்தவை, குழி விழுமளவு துருப்பிடித்தவை.

5. தீச்சுவாலையால் செந்நிறம் அடையுமளவு சூடேற்றிக் கழற்றப்பட்டவை. அச்சூட்டினால் உருக்கின் பதம் கெட்டுவிடும்.

திண்மையான செப்பு வோசரை மட்டும் ஒரு முறையால் மீட்கலாம். அதனை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடேற்றி நீரில் தோய்த்தால் மீண்டும் மென்மை பெறும். மேற்பரப்பு கீறலின்றி இருப்பின் மறுபடியும் பயன்படுத்தலாம்.

மீண்டும் பூட்டக்கூடியவை

ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்களிலும் பல நீரிறைக்கும் இயந்திரங்களிலும் காணப்படும் சாதாரண போல்ற்றுகளும், சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்ரட்டுகளும் எல்லைக்குள் நின்று தொழிற்படுமாறு அமைந்தவை. இவற்றையும், மூடிகள், எண்ணெய்த் தட்டு, பம்பின் உறை, அடித்தளம் ஆகியவற்றைப் பிடிக்கும் போல்ற்றுகளையும், கீழ்க்கண்ட சோதனைகளில் தேறினால் அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

கழற்றும்போது செய்ய வேண்டியது

ஓர் அட்டையில் சிலிண்டர் ஹெட்டின் வடிவை வரைந்து, போல்ற் இருந்த இடந்தோறும் துளையிட்டு, கழற்றிய போல்ற்றை அவ்விடத்திலேயே செருகி வைக்க வேண்டும். ஒரே இயந்திரத்தில் பல நீளங்களில் போல்ற்றுகள் இருக்கும். குறுகிய துளையில் நீண்ட போல்ற் நுழைந்தால் அடியில் முட்டி நிற்கும். இறுகியது போலத் தோன்றும், ஆயின் பாகங்கள் இறுகியிரா. நீண்ட துளையில் குறுகிய போல்ற்றைப் பூட்டினால் இரண்டு மூன்று மரையே பிடித்து, இறுக்கும்போது உரிந்துவிடும்.

துப்புரவு செய்தல்

போல்ற்றுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் துலக்குக. துருவை விரைவில் நீக்கும்பொருட்டு அமிலத்தில் இடுதல் கூடாது. அமிலத்திலிருந்து பிறக்கும் ஐதரசன் வாயு வலிய உருக்கினுள் புகுந்து, அதனை நொய்மையடையச் செய்யும். அவ்வாறான போல்ற் பார்வைக்குப் புதியது போல் மின்னினும், பூட்டிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ தானே முறியக்கூடும். 10.9, 12.9 என்னும் உயர்தரப் போல்ற்றுகளுக்கே இந்த ஆபத்து மிகுதி.

கழுவிய மண்ணெண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. இப்பகுதியின் நிலத்தடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றிய எண்ணெய் அவ்வழியே குடிநீருக்குள் விரைவில் இறங்கிவிடும். ஒரு தட்டில் கழுவி, எஞ்சியதைப் போத்தலில் சேமித்து வைக்க வேண்டும்.

ஐந்து சோதனைகள்

முதலாவது, விரற் சோதனை. துலக்கிய போல்ற்றில் பொருத்தமான நட்டை விரலால் மட்டும் திருப்புக. அது மரையின் தொடக்கம் முதல் முடிவு வரை தங்குதடையின்றி ஓட வேண்டும். இடையில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால், அவ்விடத்தில் மரை நீண்டிருக்கிறது அல்லது சிதைந்திருக்கிறது என்பது பொருள்.

இரண்டாவது, ஒளிச் சோதனை. பழைய போல்ற்றையும் அதே அளவுள்ள புதிய போல்ற்றையும் மரையோடு மரை பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். முழுநீளத்துக்கும் இடைவெளியின்றிப் பொருந்தினால் நன்று. ஒரு முனையில் பொருந்தி மறுமுனையில் விலகினால் பழையது நீண்டுவிட்டது எனக் கொள்க.

மூன்றாவது, அளவுச் சோதனை. ஒரே வகைப் போல்ற்றுகள் அனைத்தையும் தட்டையான கண்ணாடியின்மீது தலை கீழாக நிறுத்தி உயரத்தை ஒப்பிடுக. வேணியர் இடுக்கிமானி இருப்பின் நீளத்தையும், தண்டின் விட்டத்தை மூன்று இடங்களிலும் அளக்க வேண்டும். ஏனையவற்றைவிட நீண்டதையும், இடையில் மெலிந்ததையும் விலக்குக.

நான்காவது, வெண்கட்டிச் சோதனை. போல்ற்றை மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊறவைத்து, உலர்ந்த துணியால் நன்கு துடைத்து, வெண்கட்டித் தூளைப் பூசிச் சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும். வெடிப்பு உள்ளதாயின் அதனுள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெண்மையின்மீது மெல்லிய ஈரக்கோடு தோன்றும். தலையும் தண்டும் சேருமிடத்தையும், மரை தொடங்குமிடத்தையும் சிறப்பாக நோக்குக.

ஐந்தாவது, தரச் சோதனை. மீற்றர் அளவுப் போல்ற்றின் தலையில் 8.8, 10.9 என்பன போன்ற இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிலக்கம் பெரிதாகுந்தோறும் உருக்கின் வலிமையும் கூடும். அமெரிக்க முறையில் தலைமீது மூன்று கோடுகள் இருப்பின் நடுத்தர வலிமை. ஆறு கோடுகள் இருப்பின் உயர் வலிமை. ஒன்றைக் கழித்து வேறொன்றை இடும்போது, முன்னிருந்த தரத்திலேயே இட வேண்டும். படலைக்கும் வேலிக்கும் விற்கப்படும் குறியில்லாத போல்ற்றை இயந்திரத்துள் இடலாகாது.

மரை வகைகளைக் கலத்தல் கூடாது

இப்பகுதியில் உள்ள போல்ற் பெட்டிகளில் பல நாட்டு முறைகள் கலந்து கிடக்கின்றன. பழைய பிரித்தானிய இயந்திரங்கள் பல, 1841இல் யோசப் விற்வேர்த் வகுத்த மரை முறையைத் தழுவியவை; அம்மரையின் கோணம் 55 பாகை. பிற்காலப் பிரித்தானியக் கார்களில் உள்ள ஒருமித்த அங்குல மரைக்கும், யப்பானிய இயந்திரங்களில் உள்ள மீற்றர் மரைக்கும் கோணம் 60 பாகை.

அரை அங்குல விற்வேர்த் போல்ற்றில் அங்குலத்துக்கு 12 மரைகளும், அதே பருமனுள்ள ஒருமித்த பருமரைப் போல்ற்றில் 13 மரைகளும் உள. 8 மில்லிமீற்றர் போல்ற்றும் 5/16 அங்குலப் போல்ற்றும் பருமனில் ஏறக்குறைய ஒன்றேயாயினும் மரைகள் வேறு. இவை ஒன்றிலொன்று இரண்டு மூன்று சுற்று ஏறும், பின்னர் இறுகும். அப்போது ஸ்பனரால் வலிந்து திருப்பினால் மரை இரண்டும் அழியும். விரலால் ஏறாத நட்டை ஸ்பனரால் ஏற்றாதிருத்தல் எப்போதும் நன்று.

பூட்டும் முறை

துளைகளினுள் இருக்கும் எண்ணெய், நீர், கரி ஆகியவற்றைத் துணியாலும் காற்றாலும் முற்றாக அகற்றுக. அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருக்கப் போல்ற்றை இறுக்கினால், எண்ணெய்க்குப் போக வழியின்றி வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும்.

ஸ்பனரில் செலுத்தும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே போல்ற்றை நீட்டுவதற்குப் பயன்படுகிறது. எஞ்சியது தலையின் அடியிலும் மரையிலும் உண்டாகும் உராய்வில் செலவாகிறது. ஆதலின் துருப்பிடித்த மரையை எவ்வளவு இறுக்கினும், கைக்கு இறுகியதாகத் தோன்றுமேயன்றிப் பிடி போதாது. மாறாக, உலர்ந்த மரைக்கெனக் கூறப்பட்ட அளவை எண்ணெய் பூசிய மரைக்குச் செலுத்தினால் போல்ற் எல்லை கடந்து நீளும். எண்ணெய் பூச வேண்டுமா, உலர்வாகப் பூட்ட வேண்டுமா என்பதற்குக் கைநூலையே பின்பற்ற வேண்டும்.

இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனரைப் பயன்படுத்தல் சிறந்தது. கைநூல் கிடையாதவிடத்து, இலேசாக எண்ணெய் பூசிய 8.8 தரப் போல்ற் இரும்பில் பூட்டப்படுங்கால், 6 மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 10 நியூற்றன் மீற்றர், 8 மில்லிமீற்றருக்கு 25, 10 மில்லிமீற்றருக்கு 49 என்பன மேல் எல்லைகளாகக் கொள்ளத்தக்கன. அலுமினியத்தில் இதனினும் குறைவாகவே இறுக்க வேண்டும்.

சிலிண்டர் ஹெட்டை இறுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி, குறுக்கு மறுக்காக வெளிப்புறம் நோக்கிச் செல்க. ஒரே முறையில் முழுவதும் இறுக்காது, மூன்று படிகளில் இறுக்க வேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால் ஹெட் வளைந்து கஸ்கற் ஒரு பக்கம் நசுங்கும். பின்னர் அவ்வழியே வாயு கசிந்து, இயந்திரம் சூடேறி, இறைப்பின் நடுவில் நிற்கும்.

அலுமினிய உறைகள்

சிறிய நீரிறைக்கும் இயந்திரங்களின் உறைகள் பெரும்பாலும் அலுமினியத்தாலானவை. அலுமினியம் மென்மையானது, அதில் போல்ற்றின் பருமனைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழத்துக்கேனும் மரை பிடித்தல் வேண்டும். துளையின் மரை உரிந்துவிட்டால், சணலோ தகரமோ சுற்றிப் போல்ற்றை ஏற்றுதல் ஒரு நாள் வேலைக்கும் போதாது. துளையைப் பெருப்பித்து, உருக்குக் கம்பியாலான மரைச் சுருளைச் செருகுதலே நிலையான பரிகாரம். முறையாகச் செய்தால் அது முன்னிருந்த மரையிலும் வலியது.

கிணற்றுக்குள் இயந்திரத்தை இறக்குவோர் கவனத்துக்கு

கோடையில் நீர்மட்டம் தாழும்போது சிலர் இயந்திரத்தைக் கிணற்றினுள் தட்டு அமைத்து இறக்குகின்றனர். பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் இயந்திரத்தின் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றினுள் அது தேங்கி நின்று, இறங்குபவரை உணருமுன்பே மயங்கச் செய்யும். காப்பாற்ற இறங்குபவரையும் கொல்லும். புகைக்குழாயின் போல்ற்றுகளைப் புதிதாக இட்டாலும், குழாயை மேலே நீட்டிவிட்டாலும் இந்த ஆபத்து முற்றாக நீங்காது. இயந்திரத்தை மேலே வைத்திருத்தல் வேண்டும். ஆழம் மிகுந்த கிணறுகளுக்கு மின்னால் இயங்கும் நீர்மூழ்கிப் பம்பே ஏற்றது.

செலவும் சேமிப்பும்

கமக்காரர் ஒருவர் ஆனி மாதத்தில் தம் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது போல்ற்றுகளில் பதினாறு மேற்கூறிய சோதனைகளில் தேறுகின்றன, நான்கு தேறவில்லை. பதினாறையும் வீணே எறிந்து புதியன வாங்குதல் தேவையற்ற செலவு. நான்கையும் பொறுத்துக்கொண்டு பூட்டுதலோ பெரிய நட்டத்துக்கு வித்து. நான்கு போல்ற்றின் விலை ஒருநாள் இறைப்புக்கு வேண்டிய எரிபொருளின் விலையை எட்டுவது அரிது. அவற்றுள் ஒன்று முறிந்தால் இழப்பதோ கஸ்கற், எண்ணெய், திருத்துநர் கூலி, இறைப்பு நாட்கள், இறுதியில் பயிர். சிக்கனம் என்பது பதினாறைக் காப்பதும் நான்கை மாற்றுவதுமேயாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. இணைப்புத்தண்டின் போல்ற்றையும், பாகை அளவில் இறுக்கும் ஹெட் போல்ற்றையும் புதிதாக இடுக.
2. ஏனையவற்றை விரல், ஒளி, அளவு, வெண்கட்டி, தரம் என்னும் ஐந்தாலும் சோதிக்குக.
3. அமிலத்தில் துலக்காதீர், மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் போதும்.
4. விரலால் ஏறாததை ஸ்பனரால் ஏற்றாதீர்.
5. நடுவிலிருந்து வெளியே, மூன்று படிகளில் இறுக்குக.
6. கழித்த போல்ற்றை மீண்டும் பெட்டியில் இடாதீர். அடுத்த முறை அவசரத்தில் அதுவே கைக்கு அகப்படும்.

இயந்திரத்தைத் திருத்த ஏற்ற காலம் மாரி மழை பெய்யும் நாட்களாகும். அப்போது கிணற்றில் நீர் உயர்ந்திருக்கும். இறைப்பு வேலையும் குறைவு. பயிர் நீருக்கு ஏங்கும் நாளில் அவசரமாகக் கழற்றுவதைவிட, ஓய்வான நாளில் ஆறுதலாகச் சோதித்துப் பூட்டுதல் நன்று. மேலும் விபரம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகிக் கேட்டறிந்து கொள்வார்களாக.